அண்ணி நல்லாப் பேசறாங்களே

கார் ஷெட்டிலிருந்து அவன் போன் குழுவுக்கு அனுப்பிய பதினான்கு விநாடி ஒலிப்பதிவுக்கு முதல் பதில், எல்லோரும் 'மெத்தை' என்று கூப்பிடுபவரிடமிருந்து வந்தது. "பெல்ட் தேஞ்சு போச்சு பல்லு, மாத்திடு. அது சரி, அண்ணிக்குக் குரல் வந்துடுச்சா? சொல்லவே இல்ல! நல்லாப் பேசறாங்களே."

அவன் அதை இரண்டு முறை படித்தான். பெல்ட் விஷயம் புரிந்தது. மற்றது புரியவில்லை.

அந்தக் குழுவில் இருந்த எல்லோரிடமும் ஒரே மாடல் கார் இருந்தது. செய்த கம்பெனியே 'அப்படி ஒன்றை நாங்கள் செய்தோமா?' என்று கேட்கும் நிலைக்கு வந்து பல வருடங்கள் ஆகிவிட்ட கார். மெக்கானிக்குகள் அதைக் கண்டால் கடையின் ஷட்டரை இறக்கினார்கள். அதனால் குழுவுக்குள் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. வண்டி முனகினால் பானெட்டைத் திறந்து, போனை இஞ்சின் மேல் நீட்டி, சத்தத்தைப் பதிந்து குழுவில் போட வேண்டும். மற்றவர்கள் காதோடு வைத்துக் கேட்டு நோயைச் சொல்வார்கள். மீதி நேரமெல்லாம் இன்றைக்கு என்ன சாப்பாடு, யார் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, யாருக்கு முழங்கால் வலி என்ற பேச்சுதான். மெத்தைக் கடை வைத்திருந்தவர் மெத்தை. தினமும் தன் முட்டையைப் படம் பிடித்துப் போட்டவன் முட்டை. ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்தவள் சிஸ்டர். பல் செட் செய்து பிழைத்த இவன் பல்லு. நாற்பத்தேழு வயதில் கிடைத்த ஒரே பட்டம்.

குழுவில் அதிகமாகச் சத்தம் அனுப்பியவனும் அவன்தான், ஏனென்றால் அந்தச் சத்தங்கள் அவனுக்கே கேட்காது. பல்லைத் தேய்க்கும் சக்கரத்தின் முன் இருபது வருடம் உட்கார்ந்ததில் மெல்லிய ஒலிகள் எல்லாம் ஒவ்வொன்றாக அவனை விட்டுப் போயிருந்தன. லாரி கேட்கும், இடி கேட்கும், எதிரில் நின்று பேசும் ஆம்பிளைக் குரல் கேட்கும். குக்கர் விசில், காலிங் பெல், மனைவியின் குரல் இதெல்லாம் காதில் மெஷின் மாட்டினால்தான். அந்த மெஷினும் ரிப்பேருக்குப் போய் இரண்டு வாரம் ஆகிறது. கடைக்காரர் ஒவ்வொரு முறையும் "ஸ்பேர் வழியில இருக்கு சார்" என்று எழுதிக் காட்டினார். எந்த வழியில் என்று மட்டும் சொல்லவில்லை.

மனைவியின் விஷயம் அதைவிடப் பெரியது. அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். ஊரே அவள் குரலைக் கேட்டுத்தான் ரயில் ஏறியது. அந்தக் குரல்நாணில் ஒரு சின்னக் கட்டி வந்து, கழுத்தில் கீறி அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். "பதினாலு நாள். ஒரு வார்த்தை கூடாது. கிசுகிசுப்பும் கூடாது. மீறினா குரல் போயிடும், திரும்ப வராதும்மா" என்றார் டாக்டர், கொட்டை எழுத்தில் எழுதியும் கொடுத்தார். வேலை, சம்பளம் எல்லாம் ஒரு பக்கம். கழுத்துக் கட்டோடு வீட்டுக்கு வந்த அன்று அவள் நோட்டில் முதலில் எழுதியது, 'மறுபடி உங்களைத் திட்ட முடியுமா?' அன்று பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதான். குழாய்ச் சத்தம் போதுமா என்று அவனுக்குத் தெரியாது. அவளுக்குக் கேட்டிருக்கும்.

இன்று பன்னிரண்டாவது நாள்.

அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டு, ஷெட்டையும் சமையலறையையும் இணைக்கும் கதவைத் திறந்தான். அவள் அடுப்பருகே நின்று காய்கறி சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"பேசினியா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினாள்.

"நான் ஷெட்ல இருந்தப்ப என்னைக் கூப்பிட்டியா? பொய் சொல்லாதே. குழுவுல கேட்டிருக்காங்க."

அவள் கரண்டியை வைத்துவிட்டு நோட்டை எடுத்தாள். 'இல்ல' என்று எழுதி, அதன் கீழ் இரண்டு கோடு போட்டாள். இரண்டு கோடு என்றால் சத்தமாகச் சொல்வதாக அர்த்தம்.

ஞாயிறு சாயங்காலம். மழை கட்டிய வானம் ஜன்னலில் ஈயப் பாத்திரம் மாதிரி கவிழ்ந்திருந்தது. அவன் ஆஸ்பத்திரியின் உதவி அரட்டையைத் திறந்தான். 'வணக்கம்! நான் உங்கள் தோழன். 1. முன்பதிவு 2. பில் 3. உணவு அட்டவணை 4. மற்றவை' என்றது அது. 'என் மனைவி பேசிவிட்டாளோ என்று சந்தேகம்' என்று அடித்தான். 'மன்னிக்கவும், புரியவில்லை. 1. முன்பதிவு 2. பில்...' நான்கை அழுத்தினான். 'மற்றவை பிரிவு திங்கள் முதல் வெள்ளி வரை இயங்கும். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. அதற்கு இன்னும் ஆறு தவணை பாக்கி இருந்ததால் அடிக்கவில்லை.

குழுவில் இதற்குள் முட்டை தன் ஆம்லெட்டைப் போட்டிருந்தான். ஓரம் கருகியிருந்தது. மெத்தை, "இது ஆம்லெட் இல்லப்பா, பிரேக் பேட்" என்று எழுதியிருந்தார். அவன் நடுவில் புகுந்தான். "மெத்தை, விளையாட்டுக்கு ஒரு அளவு இருக்கு. என் பொண்டாட்டி பேசல. பேசவும் கூடாது."

மெத்தையைச் சந்தேகப்படக் காரணம் இருந்தது. போன வருடம் அவர் இவன் அனுப்பிய இஞ்சின் சத்தத்தில் ஆட்டுக் குரலை ஒட்டி, "ரேடியேட்டருக்குள்ள ஏதோ மாட்டியிருக்கு பல்லு" என்றார். குழுவே சேர்ந்து நடித்தது. அவன் அரைநாள் ரேடியேட்டரைக் கழற்றினான்.

"சத்தியமா இல்லப்பா. நீயே வேற யார்கிட்டயாவது போட்டுக் காட்டு."

சிஸ்டரும் எழுதினாள். "அண்ணா, எனக்கும் கேக்குது. அண்ணி குரல்தான். உங்க பழைய பதிவுல எல்லாம் பின்னாடி 'சாப்பாடு ஆறுது வாங்க'ன்னு கத்துவாங்களே, அதே குரல். 'என்னங்க'ன்னு கூப்பிடறாங்க."

சரி, சோதித்துவிடலாம். அவளைப் படுக்கையறையில் இருக்கச் சொல்லிவிட்டு ஷெட்டுக்குள் போனான். இந்த முறை இஞ்சினை ஓட விடவில்லை. பழைய ரப்பரும் எண்ணெயும் நனைந்த சிமெண்டும் கலந்து எப்போதும் அடிக்கும் வாசனைக்கு அடியில் இன்னொன்று இருந்தது, ஊசி போடும் முன் பஞ்சில் தொட்டுத் தடவுவார்களே அந்த வாசனை. ஆஸ்பத்திரியிலிருந்து அவளை இந்தக் காரில்தான் கூட்டி வந்தான், பின் சீட்டில் படுக்க வைத்து. பன்னிரண்டு நாளாகியும் போகவில்லை போலும். கண்ணாடிகளை இறக்கிவிட வேண்டும் என்று நினைத்தபடி இருபது விநாடி பதிந்து அனுப்பினான்.

சிஸ்டர் உடனே எழுதினாள். "அண்ணா, பதில் சொல்லுங்களேன், பாவம். 'என்னங்க, கேக்குதா? என்னங்க, கேக்குதா?'ன்னு மூணு தடவ கேக்கறாங்க. பக்கத்துலதானே நிக்கிறாங்க?"

பக்கத்தில் கார் மட்டும்தான் நின்றது.

கதவைத் திறந்தால் அதன் மறுபுறம் அவள் நின்றுகொண்டிருந்தாள். படுக்கையறையில் இல்லை. கதவோடு காதை ஒட்டியபடி, இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்தியபடி.

"மாட்டினியா!" என்று கத்தினான். "பன்னெண்டு நாள் பல்லைக் கடிச்சிட்டு இருந்தாச்சு. இன்னும் ரெண்டே நாள். அதுக்குள்ள என்னடி அவசரம் உனக்கு? என்ன பேசணும்? காரோட பேசணுமா? அதுகூட என் பேச்சக் கேக்கறதில்ல!"

அவள் அழுதாள். சத்தமில்லாமல், மூச்சைக்கூட அடக்கி, டாக்டர் சொன்ன விதத்தில் அழுதாள். அதைப் பார்த்ததும் அவன் கோபம் பாதியில் நின்று, எங்கே போவது என்று தெரியாமல் அவன் மேலேயே திரும்பி விழுந்தது. சட்டைக் கையால் அவள் முகத்தைத் துடைத்தான். "சரி, சரி. திட்டல. வா, உக்காரு."

சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஷெட் கதவு சாத்தியிருந்தது. "இப்ப நான் பதியறேன். உன் வாயையே பார்த்துட்டு இருப்பேன். நீ பேசலன்னு நானே சாட்சி. அந்த மெத்தைக்கு இன்னிக்கு இருக்கு." சூப்பின் ஆவி இருவருக்கும் நடுவில் எழுந்தது. அவள் உதடுகள் வெளுத்து, ஒட்டி, அசையாமல் இருந்தன. அரை நிமிடம். அவன் கண் சிமிட்டவில்லை.

அனுப்பினான். இந்த முறை பதில் வரத் தாமதமானது.

"எனக்கு ஒண்ணும் கேக்கல. எனக்கு சளி" என்றான் முட்டை.

"பல்லு, நெஜமாச் சொல்லு. நீதான எங்களை வெச்சு விளையாடற?" என்றார் மெத்தை.

சிஸ்டர் எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. பிறகு வந்தது. "அண்ணா, ரொம்பத் தூரத்துல கேக்குது. கதவுக்குப் பின்னாடி பேசற மாதிரி. கேட்டத அப்படியே எழுதறேன். 'கதவத் திறங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த நாள்லேர்ந்து இங்கயே உக்காந்திருக்கேன். உள்ள கூப்பிடுங்க. உங்க எதிர்ல இருக்கறது நான் இல்லங்க.'"

அவன் நிமிர்ந்து எதிரில் இருந்தவளைப் பார்த்தான்.

இருபத்திரண்டு வருடம் பார்த்த முகம்தான். ஆனால் பன்னிரண்டு நாளாக அதில் பேச்சு இல்லை, பேச்சில்லாத முகம் எப்போதும் கொஞ்சம் வேறு ஆளுடையதாகத்தான் இருக்கிறது. கழுத்தில் வெள்ளைக் கட்டு. கண்ணுக்கு அடியில் கருப்பு. மூன்று நாளாக அவள் சரியாகத் தூங்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. மூன்று நாள் முன்பு நோட்டில் 'ஷெட்ல யாரோ பேசறாங்க' என்று எழுதிக் காட்டினாள். 'காருக்கும் மனசுல குறை இருக்காதா?' என்று சொல்லிவிட்டு அவன் சாப்பிட உட்கார்ந்துவிட்டான்.

"ஆ காட்டு" என்றான். குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை.

அவள் விழித்தாள்.

"ஆ காட்டும்மா. ஒரே ஒரு நிமிஷம்."

வாயைத் திறந்தாள். போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தான். கீழ் வரிசை, இடப்பக்கம், பின்னாலிருந்து இரண்டாவது பல். அவனே வார்த்து, தேய்த்து, மாட்டிவிட்ட கவசப் பல். நிறம் ஒரு சாயல் மஞ்சளாகப் போய்விட்டது, 'ஊருக்கெல்லாம் வெள்ளை, பொண்டாட்டிக்கு மஞ்சள்' என்று அதற்கு ஒன்பது வருடமாகத் திட்டு வாங்குகிறான். இருந்தது. அதே மஞ்சள். அதன் ஓரத்தில் அவன் கை தவறிய அந்தச் சின்னக் கீறலும் இருந்தது.

நிம்மதி வந்தது, கூடவே வெட்கமும் வந்தது. கட்டிய மனைவியின் வாயை மாட்டுச் சந்தையில் பார்ப்பது போலப் பார்த்திருக்கிறான்.

அவள் நோட்டை இழுத்து, 'போதுமா?' என்று எழுதினாள். பிறகு பக்கத்தைத் திருப்பி வேகமாக எழுதினாள். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. 'எனக்கும் கேக்குது. மூணு நாளா. அது என் குரல்தான். பதில் சொல்லாதீங்க. கதவைத் திறக்காதீங்க. கூப்பிடாதீங்க.' கடைசிச் சொல்லின் கீழே நாலு கோடு.

அவன் படித்தான். அதைப் பாதி நம்பினாலே போதும், பயத்தில் இவள் எந்த நிமிடத்திலும் அலறிவிடுவாள் என்று தோன்றியது. ஒரே ஓர் அலறல். எல்லாம் போய்விடும். மாத்திரையின் மயக்கமோ, மெத்தையின் கைவேலையோ, ரோட்டில் போகிற எவனாவது ஷெட்டுக்குள் ஒளிந்திருக்கிறானோ, எதுவானாலும் சரி, அங்கே யாரும் இல்லை என்று இவளுக்கு இப்போதே காட்டியாக வேண்டும். காதும் இல்லாமல், ஆஸ்பத்திரியும் பதில் தராமல், ஊர் பேர் தெரியாத நாலு பேர் சொல்வதைக் கேட்டு இவன் எத்தனை நேரம் ஆடுவது?

எழுந்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். போனில் பதிவை அழுத்தினான், குழுவுக்கும் ஒரு பாடம் வேண்டும் அல்லவா. கதவை அகலத் திறந்தான்.

கார். எண்ணெய்க் கறை. சுவரோரம் பழைய டயர். வேறு எதுவும் இல்லை.

"பாரு, யாருமில்ல!" என்று அவளிடம் சொன்னான். அவள் முகம் தெளியவில்லை. அவளைச் சிரிக்க வைக்க அவனுக்குத் தெரிந்தது ஒரே வழி. இருட்டைப் பார்த்து இடுப்பை வளைத்துக் கும்பிட்டான். "யாரா இருந்தாலும் வெளிய நின்னு கத்தாதீங்க, தொண்டை கெட்டுடும். உள்ள வாங்க. சூப் இருக்கு. உப்பு மட்டும் கேக்காதீங்க."

காரின் பின்பாகம் இரண்டு விரல்கடை மேலே எழுந்தது.

ஆள் இறங்கினால் எழுமே, அந்த மாதிரி. மெதுவாக எழுந்து, ஸ்ப்ரிங்கில் ஒருமுறை ஆடி, நின்றது.

பழைய வண்டி. ஸ்ப்ரிங் தளர்ந்தது. அவன் அப்படித்தான் சொல்லிக்கொண்டான். கதவைச் சாத்தித் தாழ் போட்டான். பதிவை நிறுத்தி அனுப்பினான். மேசைக்கு வந்து கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். அவள் எதிரில். சமையலறையில் இப்போது சூப்பின் வாசனை வரவில்லை. பஞ்சில் தொட்டுத் தடவும் அந்த மருந்து வாசனைதான் வந்தது.

போன் அதிர்ந்தது. சிஸ்டர்.

"அண்ணா, அண்ணியக் கூட்டிட்டு வீட்ட விட்டு வெளிய போங்க."

"ஏன்? என்ன கேக்குது?"

"நீங்க உள்ள வாங்கன்னு சொன்னீங்க இல்ல."

"அது சும்மா தமாஷுக்கு."

"'சரிங்க'ன்னு சொல்லுச்சு."

முட்டை குழுவிலிருந்து வெளியேறினார் என்று திரை காட்டியது.

அடுத்து மெத்தை. அவர் எழுத்தில் முதல் தடவையாகக் கிண்டல் இல்லை. "நீ தாழ் போட்ட சத்தம் கேக்குது. அதுக்கு அப்புறமும் மூச்சு விடறது கேக்குது. கதவுக்கு உன் பக்கம்பா."

அவன் திரும்பவில்லை.

திரும்ப முடியவில்லை. கழுத்து வரவில்லை.

எங்கே நிற்கிறது? அவனுக்குக் கேட்காது. யாராவது கேட்டுச் சொல்ல வேண்டும். பதிவை அழுத்தி, போனை மேசை மேல் வைத்தான். இத்தனை நாளில் பதிவு ஓடும்போது அவன் திரையைப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தான். சத்தம் வந்தால் உயரும் கோடுகள். சின்னது. சின்னது. பிறகு உயரம். இன்னும் உயரம். நின்று, மறுபடி உயரம். யாரோ நிறுத்தி நிறுத்தி, தெளிவாக, அறிவிப்பு மாதிரி பேசுகிறார்கள்.

அவனுக்கு எதுவும் கேட்கவில்லை.

அடுப்பின் நீலச் சுடர். சுவர்க் கடிகாரம். அவள்.

அவள் உதடுகள் மூடியிருந்தன. கண்கள் அவனைப் பார்க்கவில்லை. அவன் இடது தோளுக்கு மேலே பார்த்தன. பிறகு கொஞ்சம் உயரமாக. பிறகு இன்னும் உயரமாக.

கோடுகள் திரையின் விளிம்பைத் தொட்டன. பக்கத்தில். மிகப் பக்கத்தில். அவன் காது மடலில் குளிர்ந்த காற்று பட்டது. விட்டு விட்டுப் பட்டது.

அவள் வாயைத் திறந்தாள்.

கழுத்து நரம்புகள் கட்டுக்கு மேலும் கீழும் புடைத்தன. முகம் சிவந்தது. முழு மூச்சையும் திரட்டி, பன்னிரண்டு நாள் காத்ததையெல்லாம் ஒரேயடியாகச் செலவழித்து, அவனைப் பார்த்து அலறினாள். 'எழுந்திருங்க' என்று அவள் உதடுகள் சொல்லின. 'எழுந்திருங்க, எழுந்திருங்க.'

அந்தக் குரல் நிறுத்திய இடைவெளிகளிலும் திரையில் எதுவும் எழவில்லை. அவளிடமிருந்து சத்தம் வரவே இல்லை. வெள்ளைக் கட்டில் ஒரு சிவப்புப் பொட்டு ஊறிப் பெரிதானது.

"பேசாதே" என்றான். அழுதுகொண்டே சொன்னான். "பேசாதேம்மா. இன்னும் ரெண்டு நாள்தான். பேசாதே."

அவன் இரண்டு கைகளும் மேசை மேல் இருந்தன.

அவன் தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. மெலிந்த கை. ஆஸ்பத்திரியில் கட்டிவிடும் பெயர்ப்பட்டை மணிக்கட்டில் இருந்தது. அது அவன் கன்னத்தை உரசிக்கொண்டு முன்னே போனது. சூப்பைத் தாண்டியது. நோட்டைத் தாண்டியது. மேசையின் நீளம் முழுவதும் போயும் முழங்கை இன்னும் வரவில்லை. ஒரே ஒரு விரல் நிமிர்ந்து, அலறும் அவள் உதடுகளின் மேல் மெல்லப் படிந்தது.